அடி வாங்குவதற்காக வளர்க்கப்படும் கிட்னி

என் பெரியப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் வீடு. இடது கையில் ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். மேலே விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். அதில் தடித்த ஊசி இரண்டு, அப்புறம் நாலு மணி நேரம் நாற்காலி. உட்காருமுன் ஒரு எடை, எழுந்தபின் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் உடம்பில் தேங்கிக் கிடந்த தண்ணீர். உப்பு ஏறினால் தாகம், தாகம் எடுத்தால் தண்ணீர். அதனால் திங்கட்கிழமை தராசைப் பார்த்த உடனேயே நர்ஸம்மா, "அங்கிள், சனிக்கிழமை பன்னி சௌவா?" என்று கேட்டுவிடுவார். ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பை ஊற்றித் தரும் அந்த டர்பன் சாப்பாட்டைப் பெரியப்பா இன்னும் விடவில்லை.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சிவப்பும் பச்சையுமாக மின்னும் ஒரு படம். ஆய்வுக்கூடத்தில் மனிதக் கிட்னியை வளர்த்துவிட்டார்கள் என்று மேலே ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு. அதன்கீழ் அவர் கேட்டிருந்தது இரண்டே வார்த்தை: "நமக்கு எப்போ?"

"இது நமக்கு வைக்கிறதுக்கு இல்லை பெரியப்பா. நமக்குப் பதிலா அடி வாங்குறதுக்கு" என்று போனில் சொன்னேன். "ம்" என்றார். அப்புறம் கிரிக்கெட் ஸ்கோருக்குப் போய்விட்டார். நான் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் சரியில்லை. அந்த ஒரு வரியை விரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிட்னிக்குள் வேலை செய்வது நெஃப்ரான். ரத்தத்தை வடிகட்டும் ஒரு சின்ன முடிச்சு, வடிந்ததிலிருந்து உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ஒரு நீண்ட குழாய். இவ்வளவுதான். ஒரு கிட்னியில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. இரண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. நெஃப்ரான் உற்பத்தி எல்லாம் தாய் வயிற்றிலேயே, 36-ஆவது வார வாக்கில், முடிந்துவிடும். அடிபட்ட குழாய் தன்னைத்தானே ஓரளவு பழுது பார்த்துக்கொள்ளும். ஆனால் புதிதாக ஒரு நெஃப்ரான் பிறக்காது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் தின்று தீர்த்தது தீர்த்ததுதான்.

ஆகவே கிட்னித் திசுவை வளர்க்க வேண்டுமென்றால் கருப்பைக்குள் நடந்ததை மறுபடி நடத்த வேண்டும். அதற்கு வழி திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. வளர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களை ஏற்றி, அதைக் கருவின் ஆரம்ப நிலைக்குத் திருப்பலாம் என்று 2006-இல் எலியிலும், 2007-இல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு வந்தது. உங்கள் கையிலிருந்து ஒரு துளி ரத்தமோ துளி தோலோ போதும். அது எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் ஆகிவிடும்.

அதன்பிறகு எல்லாம் பக்குவம்தான். முதல் சில நாள் ஒரு ரசாயனம், அடுத்து வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம், ஏழாம் நாள் வாக்கில் செல்களைச் சின்ன உருண்டையாகத் திரட்டி ஒரு மெல்லிய சவ்வின்மேல் வைப்பது, இன்னும் இரண்டரை வாரம் காத்திருப்பது. அளவு கூடினாலோ ஒரு நாள் தள்ளிப்போனாலோ வேறெதுவோ வளர்ந்து நிற்கும். ஆனால் முடிச்சு இங்கே, குழாய் அங்கே என்று யாரும் வரைந்து கொடுப்பதில்லை. தோசை மாவை நாம் பொங்க வைப்பதில்லையே, பொங்குவதற்கு ஏற்றபடி விட்டு வைக்கிறோம். அது மாதிரிதான், செல்கள் தாமாகவே வரிசை கட்டி நெஃப்ரானாகின்றன. ஜப்பானின் குமமோட்டோவில் 2014-இலும், மெல்போர்ன், பாஸ்டன், சியாட்டில் குழுக்கள் 2015-இலும் இதை அடுத்தடுத்துச் செய்து காட்டினார்கள். இதற்குப் பெயர் ஆர்கனாய்டு.

வளர்ந்ததைப் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி போல வெளுத்த ஒரு துணுக்கு, சில மில்லிமீட்டர் அகலம். வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் சிவப்பும் பச்சையும், எந்தச் செல் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக மைக்ராஸ்கோப்பின் கீழே ஏற்றிய சாயம். மெல்போர்ன் குழு வளர்த்த ஒரு துணுக்கில் நூறு நெஃப்ரான் அளவுக்கு இருந்தன. பத்து லட்சம் எங்கே, நூறு எங்கே! அந்த நூறும் முதல் மூன்று மாதத்துச் சிசுவின் கிட்னி அளவுக்குத்தான் முதிர்ந்திருந்தன. சிறுநீர் வெளியேற வழி கிடையாது. ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களும் உள்ளே இல்லை. ஒவ்வொரு செல்லாக எடுத்துப் பரிசோதித்த ஒரு ஆய்வில் 10 முதல் 20 சதவீதம் வரை கிட்னிக்குச் சம்பந்தமே இல்லாத செல்கள், நரம்பும் தசையுமாக, கலந்து கிடந்தன. குட்டிக் கிட்னி என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தலைப்பைப் படிக்கும்போது அது வேறு அர்த்தம் கொடுத்துவிடுகிறது.

சரி, ஒழுகவும் தெரியாத, ஓடவும் தெரியாத இந்த ஜவ்வரிசியை வைத்து என்ன செய்ய?

டர்பன் வார்விக் சந்திப்பில் மேம்பாலத்தின் மேலே மூலிகைக் கடைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜூலு வைத்தியத்தில் இம்பிலா என்றொரு வேர் உண்டு. ஜூலு மொழியில் அந்தச் சொல்லுக்கு நலம் என்று பொருள். அந்த வேரில் உள்ள ஒரு நஞ்சு, செல்லுக்குள் சக்தி தயாராகும் இடத்தையே அடைத்துவிடும். கல்லீரலும், வடிந்ததை உறிஞ்சும் கிட்னிக் குழாயின் முதல் பகுதியும் செத்துப்போகும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பல பத்தாண்டுகளாக இதனால் சாவுகள் பதிவாகியிருக்கின்றன, குழந்தைகள் உட்பட. பாரம்பரிய மருந்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. 1969-இல் கேப் டவுனில், கலக்கக்கூடாத கரைப்பான் கலந்த மயக்க மருந்தைக் குடித்து ஏழு குழந்தைகள் கிட்னி செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து பாட்டிலில் லேபிளோடு வந்ததுதான்.

கிட்னி அடிபடும்போது சத்தம் போடாது என்பதுதான் சிக்கல். ரத்தப் பரிசோதனையில் நாம் எல்லாரும் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் எண், வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகே நன்றாக ஏறத் தொடங்கும். அதற்குமுன் உள்ளே என்ன நடந்தது என்று மனிதரிடம் பார்க்க வழியில்லை. ஆரோக்கியமான ஒருவரின் கிட்னியை வேண்டுமென்றே கெடுத்து, மணிக்கொரு முறை வெட்டிப் பார்க்க முடியுமா? எலியில் பார்க்கலாம், பார்க்கிறார்கள். எலியின் கிட்னி தாங்குவதை மனிதக் கிட்னி தாங்காது, மனிதக் கிட்னி தாங்குவதை எலி தாங்காது. நாய்க்குட்டியில் பிழைத்த மருந்து மனிதரில் தோற்ற கதை எத்தனையோ.

ஆர்கனாய்டை அடிக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும். புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் மருந்தை அதன்மேல் ஊற்றினால், குழாய்ச் செல்கள் கிம்-1 என்ற புரதத்தை மேற்பரப்பில் தூக்கிக் காட்டுகின்றன. அடிபட்ட மனிதக் கிட்னியும் இதையேதான் செய்யும். பாஸ்டனில் ஜோசப் பான்வென்ட்ரே குழு 1998-இல் அடையாளம் கண்ட புரதம் அது. ஜவ்வரிசி உண்மையான கிட்னியைப் போலவே வலியைக் காட்டுகிறது என்பதற்கு முதல் சாட்சி அது.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். ஒரே அடியாக அடிக்காமல், சிஸ்பிளாட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வில், ஆரம்பத்தில் குழாய்ச் செல்கள் தங்கள் உடைந்த டிஎன்ஏ-வை ஒழுங்காகத் தைத்துக்கொண்டன. அடி தொடரத் தொடர தையல் தப்பாகிப் போனது. பழுது பார்க்கும் புரதங்கள் குறைந்தன, திசு தழும்பாகத் தொடங்கியது. தற்காலிகக் கிட்னிப் பாதிப்பு எந்த இடத்தில் நிரந்தர நோயாக மாறுகிறது என்பது டாக்டர்களை ரொம்ப நாளாகப் படுத்தும் கேள்வி. அந்தத் திருப்பத்தைக் கண்ணெதிரே வைத்துப் பார்க்க முடிந்தது. எஸ்சிஆர்7 என்ற ஒரு வேதிப்பொருள் கொடுத்தபோது பழுது பார்ப்பு தொடர்ந்தது. அது இன்னும் மருந்தாகிவிடவில்லை. ஆனால் எதை நோக்கி மருந்து தேட வேண்டும் என்பது தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை, தென்னாப்பிரிக்கக்காரர்களுக்கு முக்கியமானது. உலகிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் நம்முடையது. அதில் பரவலாகத் தரப்படும் டெனோஃபோவிர், சிலருக்குக் கிட்னிக் குழாயின் முதல் பகுதியைக் கெடுக்கும். அந்த மருந்து செல்லுக்குள் நுழைவது ஒரு குறிப்பிட்ட வாசல் வழியாக, ஓஏடி1 என்ற கடத்திப் புரதம். வழக்கமான முறையில் வளர்த்த ஆர்கனாய்டுகளில் அந்த வாசல் சரியாக முளைப்பதே இல்லை. அப்படிப்பட்ட துணுக்கில் டெனோஃபோவிரை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. மருந்து பாதுகாப்பானது என்று எழுதிவிடலாம், உண்மையில் அது உள்ளேயே போயிருக்காது. கதவு பூட்டியிருந்ததால் திருடன் வரவில்லை என்பதும், ஊரில் திருடனே இல்லை என்பதும் ஒன்றா? முதல் பகுதிக் குழாயை நன்றாக முதிர வைக்கும் புதிய முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. அதுவரைக்கும் ஆர்கனாய்டில் ஆபத்து தெரிந்தால் நம்பலாம், ஆபத்து தெரியாவிட்டால் இன்னொரு முறை யோசிக்க வேண்டும் என்பது என் கணக்கு.

மாற்றுக் கிட்னி விஷயத்துக்கு வருவோம். பெரியப்பா போன்றவர்களுக்கு அதுதானே கனவு.

கொடையாளர் உடலிலிருந்து எடுத்த கிட்னியைக் குளிர்ந்த திரவத்தால் கழுவி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வருவார்கள். அந்த மணி நேரங்களில் அதற்கு ஆக்சிஜன் இல்லை. புது உடம்பில் இணைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும் அடுத்த அடி; பட்டினி கிடந்த செல்லுக்குத் திடீரென்று வரும் ஆக்சிஜனே நஞ்சாகிறது. காயப்பட்ட செல்கள் ஆபத்து ஆபத்து என்று ரசாயனக் கூக்குரல் எழுப்பும். அதைக் கேட்டு எதிர்ப்புச் செல்கள் ஓடி வரும், வந்து பார்த்தால் அங்கே இருப்பது அந்நியன். கிட்னிக் காயத்தையும் கிட்னி நிராகரிப்பையும் ஏன் ஒரே மேசையில் வைத்துப் படிக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். முதலாவது, இரண்டாவதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது.

அந்நியன் என்று எப்படித் தெரிகிறது? நம் செல்களில் பெரும்பாலானவை எச்எல்ஏ என்ற அடையாளப் புரதங்களை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. 1954 டிசம்பர் 23-ஆம் தேதி பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த கிட்னி மாற்றம் வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள். இருவருக்கும் ஒரே அடையாளம். அந்த அதிர்ஷ்டம் இல்லாத மற்ற எல்லாருக்கும் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைதான் கதி. அடக்கினால் என்ன ஆகும் என்பதை நம் நாடும் பார்த்தது. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கேப் டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பார்னார்ட் வைத்த இதயம் நன்றாகவே துடித்தது. எதிர்ப்பு அடங்கிப்போன உடம்பு நிமோனியாவைத் தாங்கவில்லை. அந்த இதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாளில் போய்விட்டார். இன்று மருந்துகள் எவ்வளவோ மேல். இருந்தாலும் மாற்றுக் கிட்னியைக் காக்கும் முக்கிய மாத்திரையான டாக்ரோலிமஸே, அளவு தவறினால் அந்தக் கிட்னியைக் கெடுக்கிறது.

நிராகரிப்பு நடக்கிறதா என்று அறிய இப்போது உள்ள உறுதியான வழி பயாப்சி. மாற்றுக் கிட்னி இருக்கும் அடிவயிற்றில் ஊசி செலுத்தி ஒரு நூல் அளவு திசுவை எடுப்பார்கள். அது ஒரு போட்டோ மாதிரி. அந்த நிமிடத்தில் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்று தெரியும். முந்தின வாரம் யார் முதலில் கதவைத் தட்டியது என்று தெரியாது.

ஆர்கனாய்டில் அந்தப் படத்தை ஓட விடலாம். ஒருவரின் செல்லிலிருந்து வளர்த்த துணுக்கோடு இன்னொருவரின் வெள்ளணுக்களைச் சேர்த்துவிட்டுப் பார்க்கிறார்கள். அல்லது துணுக்கை எலியின் கிட்னி உறைக்குள் பதித்துவிடுகிறார்கள். நெதர்லாந்தின் லெய்டன் குழு 2018-இல் காட்டியபடி எலியின் ரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்து ரத்தம் ஓடத் தொடங்கும், துணுக்கும் இன்னும் முதிரும். மனித எதிர்ப்புச் செல்கள் ஏற்றிய எலியாக இருந்தால், மனிதர் மனிதரை நிராகரிப்பதை ஒரு சுண்டெலிக்குள் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. அடையாளப் புரதம்தானே தொல்லை, அதையே எடுத்துவிட்டால்? மரபணுத் திருத்தத்தில் அது கடினமில்லை. எடுத்தார்கள். டி செல்கள் அடங்கின. ஆனால் உடம்பில் இயற்கைக் கொல்லிச் செல்கள் என்று இன்னொரு படை இருக்கிறது. அது அடையாளம் தப்பாக இருப்பவனை விட்டுவிடும், அடையாளமே இல்லாதவனைப் போட்டுத் தள்ளும். போலி பாஸ் வைத்திருப்பவனைவிடப் பாஸே இல்லாதவன் மாட்டிக்கொள்கிற கதை. இந்த நாட்டில் அனுமதிச் சீட்டு இல்லாமல் கறுப்பர்கள் நடமாடக்கூடாது என்றிருந்த பாஸ் சட்டத்தைக் கண்ட தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே கொஞ்சம் அடையாளத்தை விட்டுவைப்பது, கொல்லிச் செல்லைச் சமாதானப்படுத்தும் புரதம் ஒன்றைச் சேர்ப்பது என்று முயற்சி தொடர்கிறது.

ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு கேள்வியும் இருக்கிறது. ஏபிஓஎல்1 என்ற மரபணுவில் இரண்டு மாற்றங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் தோன்றின. தூக்க நோய்க் கிருமியிடமிருந்து பாதுகாப்பு தரும் மாற்றங்கள். தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று இரண்டு பிரதி வந்து சேர்ந்தால் கிட்னி நோய்க்கு வாய்ப்பு பல மடங்கு ஏறும் என்று 2010-இல் தெரியவந்தது. நம் நாட்டில் எச்.ஐ.வி.யால் கிட்னி கெட்ட கறுப்பின நோயாளிகளிடமும் இதன் பங்கு பெரிது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு பிரதி உள்ள கொடையாளரின் கிட்னி, வாங்கியவர் உடம்பிலும் சீக்கிரம் கெடும். எலிக்கு இந்த மரபணுவே இல்லை. மனித மரபணுவை உள்ளே ஏற்றினால்தான் உண்டு. ஆகவே ஆர்கனாய்டு இங்கே கைகொடுக்கிறது. மாற்றத்தைப் புகுத்தி வளர்த்த துணுக்குகளில், அழற்சியின்போது உடம்பில் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைச் சேர்த்ததும் ஏபிஓஎல்1 பெருகியது. இதே இன்டர்ஃபெரான்தான் நிராகரிப்பின்போதும் சுரந்து, கிட்னிச் செல்களை எச்எல்ஏ-வை இன்னும் அதிகமாக நீட்ட வைக்கிறது.

குரூட் ஸ்கூரில் 2008-இல் அறுவை மருத்துவர் எல்மி முல்லர் தொடங்கி வைத்த காரியத்தையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ள கொடையாளரின் கிட்னியை எச்.ஐ.வி. உள்ள நோயாளிக்கு வைப்பது. டயாலிசிஸ் இடமே கிடைக்காதவர்களுக்கு யாரும் தொடாத கிட்னிகளைக் கொடுத்த துணிச்சல் அது. 2015-இல் வெளியிட்ட 27 பேர் கணக்கில் ஐந்து ஆண்டு முடிவில் 74 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். மூன்று ஆண்டுக்குள் நிராகரிப்பு 22 சதவீதம். எச்.ஐ.வி. மாத்திரைகள் சில டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றி இறக்கி விளையாடுவது ஒரு தெரிந்த காரணம். மீதிக் காரணங்களைத் தேட, வைரஸையும் மருந்துகளையும் எதிர்ப்புச் செல்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் வசதி ஆர்கனாய்டுக்கு உண்டு.

வசதி என்றேன், வரம்பையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை சொன்னது செல்கள் தாக்கும் நிராகரிப்பு. இரண்டாவது வகை, எதிர்ப்புப் புரதங்கள் நேரடியாகத் தாக்குவது. வருடங்கள் கழித்து மாற்றுக் கிட்னியை இழக்க அதுவே பெரிய காரணம். அது முதலில் அடிப்பது ரத்தக்குழாயின் உள்சுவரை. ரத்தக்குழாய் ஒழுங்காக இல்லாத துணுக்கில் அதை எப்படிப் பார்ப்பது? 2019-இல் ஹார்வர்ட் குழு ஒன்று, நீர் பாயும் சில்லுக்குள் ஆர்கனாய்டை வளர்த்து ரத்தக்குழாய் முளைப்பை நன்றாகவே கூட்டியது. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. அப்புறம் நேரம்: ஒருவரின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல், அதிலிருந்து ஆர்கனாய்டு என்று போக மாதக் கணக்காகும். விபத்தில் இறந்தவரின் கிட்னிக்கு இருப்பதோ சில மணி நேரம். அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது போன்ற உயிருள்ள கொடையில் வேண்டுமானால், முன்கூட்டியே துணுக்கு வளர்த்துச் சோதித்துப் பார்ப்பதை என்றைக்காவது நினைக்கலாம்.

இதெல்லாம் பாஸ்டன் கதை, டர்பனுக்கு என்ன என்று கேட்டால், தியாகராஜ் சூப்ரமோனியைத்தான் நினைத்துக்கொள்வேன். சுப்பிரமணி என்ற பெயர் இப்படித் திரிந்து இங்கே நிலைத்தது. 41 வயது, வேலை இல்லை, சர்க்கரை, இதய நோய், பக்கவாதம், அதோடு இரண்டு கிட்னியும் போய்விட்டன. தனியாருக்குக் கொடுக்கப் பணம் தீர்ந்ததும் டர்பன் ஆடிங்டன் அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்தவை 20 மெஷின்கள். ஒருவருக்கு நாலு மணி நேரம், கழுவ இரண்டு மணி நேரம். நாள்பட்ட நோயாளிகளில் மாற்றுக் கிட்னிக்குத் தகுதி உள்ளவருக்கே இடம் என்று விதி வைத்திருந்தார்கள். இதய நோய் இருந்ததால் அவருக்குத் தகுதி இல்லை. 1997 நவம்பர் 27-ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் மருத்துவமனை பக்கமே தீர்ப்புச் சொன்னது. சில நாளில் அவர் இறந்தார்.

அந்த விதியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மாற்றுக் கிட்னி கிடைத்து ஒருவர் எழுந்து போனால் ஒரு நாற்காலி காலியாகும். அந்தக் கிட்னியை உடம்பு நிராகரித்தால் அவர் திரும்பி வந்து அதே வரிசையில் உட்கார்வார். ஜவ்வரிசித் துணுக்கு இந்த வரிசைக்குள் வருவது அந்த வழியாகத்தான்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் நேரில் சொன்னேன். இம்பிலாவில் தலையாட்டினார், சூப்ரமோனி பேரைக் கேட்டதும் "ஆமா, பேப்பர்ல வந்துச்சு" என்றார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அடி வாங்குற கிட்னிக்கு யாரோட ரத்தம் எடுப்பாங்க?"

"யார் குடுத்தாலும் எடுப்பாங்க பெரியப்பா. நோய் இருக்கிறவங்களோடது ரொம்ப உபயோகம்."

கையிலிருந்த பிளாஸ்டரைத் தடவிக்கொண்டே சிரித்தார். "என்னோடத எடுத்துக்கச் சொல்லு தம்பி. வாரத்துல மூணு நாள் வெளியிலதானே ஓடுது."